கல்லும் கல்கியும்



பரீட்சைத் தாளில் பொய் எழுதி மதிப்பெண் இழந்த ஒருவனின் கதையோடு இன்றைய பேச்சைத் தொடங்குகின்றேன். அந்தப் பொய்யை எழுதியவன் நானேதான். பொய் என்று அறியாமல் எழுதினேன் என்பதொன்றே என் தரப்பில் கூறத்தக்க சமாதானம்.

சுந்தர சோழர் காலத்தில் சோழ நாட்டின் நிலை எவ்வாறு இருந்தது என்பது கேள்வி. அந்த ஆண்டு கோடை விடுமுறையில்தான் கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகங்களையும் ஊண் உறக்கம் மறந்து படித்து முடித்திருந்தேன். கேள்வியைக் கண்டதும் என் பேனா குதிரையாகிவிட்டது. பழுவூர் இளைய ராணி நந்தினி செய்த சூழ்ச்சிகள், ஆழ்வார்க்கடியானின் ஒற்றர் வேலை, ஓடக்காரப் பெண் பூங்குழலியின் துணிச்சல் ஆகிய அனைத்தையும் விடாமல் எழுதி இரண்டு பக்கங்களை நிரப்பினேன். திருத்தி வந்த தாளில் அவ்விரண்டு பக்கங்களுக்கும் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு ஓடியிருந்தது. ஓரத்தில், “இவற்றுக்குச் சான்று எங்கே?” என்று ஆசிரியர் எழுதியிருந்தார்.

எனக்குக் கோபம் வந்தது. அதனினும் அதிகமாக அச்சம் வந்தது. நந்தினி என்று ஒருத்தி இருந்ததே இல்லை என்றால், அவளுக்காக நான் விழித்திருந்த இரவுகளெல்லாம் வீணா? மனத்தை அவ்வளவு கவர்ந்த ஒன்று உண்மை அன்று என்று தெரிந்தபின், அதே நூலை அதே இன்பத்தோடு மீண்டும் படிக்க முடியுமா? அன்று என்னை வாட்டிய இந்தக் கேள்விக்கு நான் கண்ட விடையையே இன்று உங்களிடம் கூற வந்திருக்கின்றேன்.

ஆசிரியரிடம் சென்று கேட்டேன். அவர் சிரித்தார். “நந்தினியைத் தேடாதே, தம்பி. கரிகாலனைத் தேடு. அவனுக்குச் சான்று இருக்கிறது” என்றார். அந்தச் சொல்லே என்னை நூல் நிலையத்துக்கும், பல ஆண்டுகள் கழித்துக் காட்டுமன்னார்கோயிலுக்கும் இட்டுச் சென்றது.

முதலில் சான்றுகளைக் காண்போம். ஆதித்த கரிகாலன் சுந்தர சோழரின் மூத்த மகன், இராசராசனின் தமையன். வீரபாண்டியனின் தலையைக் கொண்டவன் என்று அவன் கல்வெட்டுகள் அவனைப் புகழ்கின்றன. இத்தகைய வீரன் அரியணை ஏறாமலே இளமையில் மறைந்தான். எவ்வாறு மறைந்தான்?

இக்கேள்விக்கு இரண்டு சாசனங்கள் இரண்டு விதமாக விடை கூறுகின்றன. ஒன்று, இராசேந்திர சோழன் காலத்தில் வெளியிடப்பட்ட திருவாலங்காட்டுச் செப்பேடு. சோழர் குலத்தின் பெருமையைத் தலைமுறை தலைமுறையாகப் பாடிவரும் அச்செப்பேடு, ஆதித்தன் விண்ணுலகைக் காணும் விருப்பத்தால் இவ்வுலகை விட்டுச் சென்றான் என்ற பொருளில் இனிமையாகக் கூறி அப்பால் நகர்ந்துவிடுகிறது. குடிமக்கள் வேண்டியும் அருள்மொழிவர்மன் அரசை ஏற்கவில்லை என்றும், தன் சிறிய தந்தைக்கு ஆட்சியில் விருப்பம் இருக்கும் வரையில் தான் அதை மனத்தாலும் விரும்பவில்லை என்றும் அது மேலும் கூறுகிறது. அந்தச் சிறிய தந்தையே மதுராந்தகன் என்னும் உத்தம சோழன்.

மற்றொன்று, காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடியில், அனந்தீசுவரர் கோயிற் சுவரில் உள்ள கல்வெட்டு. இது 1920-ஆம் ஆண்டில் படியெடுக்கப்பட்டது. இராசராசனின் 2-ஆம் ஆட்சி ஆண்டைச் சேர்ந்தது என்று ஆய்வாளர் கொள்கின்றனர். இது யாருடைய புகழையும் பாட எழுந்ததன்று. நிலம் கைமாறிய கணக்கைக் கூற எழுந்தது. கரிகாலனைக் கொன்று துரோகிகளான சோமன், இரவிதாசனாகிய பஞ்சவன் பிரமாதிராசன், பரமேசுவரனாகிய இருமுடிச்சோழ பிரமாதிராசன் ஆகியோரையும், அவர்களுடைய உறவினரையும் குறிப்பிட்டு, அவர்தம் உடைமைகளைப் பறிமுதல் செய்யுமாறு வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபையாருக்கு அரசன் அனுப்பிய ஆணையை அது எடுத்துரைக்கிறது. அவ்வாறு கைப்பற்றிய நிலத்தை ஒருவர் விலை கொடுத்து வாங்கி அறத்துக்கு அளித்தார். அந்த அறத்தைப் பதிவு செய்யும் பொருட்டே கல் வெட்டப்பட்டது.

நண்பர்களே! இங்கே சற்று நின்று எண்ணிப் பாருங்கள். குலப்பெருமை பாடும் செப்பேடு கொலையைப் பற்றி வாய் திறக்கவில்லை. நிலக்கணக்குப் பேசும் கல்லோ, போகிற போக்கில் அதை வெளியிட்டுவிட்டது. பெரிய குடும்பங்களின் இரகசியங்கள் பெரும்பாலும் இவ்வாறுதானே வெளிப்படுகின்றன? குடும்பத்தார் வாய்திறந்து சொல்லித் தெரிவது குறைவு. பெட்டியின் அடியில் கிடக்கும் பழைய பத்திரமோ, பாகப்பிரிவினைச் சீட்டோ சொல்லித் தெரிவதே அதிகம்.

ஆயினும் அந்தக் கல்லும் எல்லாவற்றையும் சொல்லிவிடவில்லை. கொலை எங்கே நடந்தது? சொல்லவில்லை. ஏன் நடந்தது? சொல்லவில்லை. ஏறத்தாழ பதினைந்து ஆண்டு காலம் உத்தம சோழர் ஆட்சி நடந்து முடிந்த பின்னர், 985-இல் பட்டம் எய்திய இராசராசனின் காலத்தில்தான் இந்தப் பறிமுதல் பற்றிய செய்தி காணப்படுவது ஏன்? அதுவும் விளங்கவில்லை. பேராசிரியர் நீலகண்ட சாஸ்திரியார் இந்தக் காலத்தாழ்வைக் கண்டு உத்தம சோழரின்மீது ஐயம் கொண்டார். ‘பிற்காலச் சோழர் சரித்திரம்’ எழுதிய சதாசிவ பண்டாரத்தாரோ அந்த ஐயத்தை ஏற்கவில்லை. குற்றவாளிகளுக்கு அந்த ஆண்டில்தான் முதன்முதலாகத் தண்டனை கிடைத்தது என்பதற்குக் கல்லில் ஆதாரம் இல்லையே என்று கேட்போரும் உண்டு. கொலையாளிகளின் பெயர்கள் தெரியும். அவர்களை ஏவியவர் உண்டா, இல்லையா என்பது தெரியாது. இந்த வழக்கு இன்னும் முடியவில்லை.

வரலாறு வாய்மூடி நிற்கும் இந்த இடத்தில்தான் கல்கி வந்து நிற்கிறார். 1950 முதல் 1954 வரை, தம் பெயரால் நடந்த வார இதழில், மூன்றரை ஆண்டுகளுக்கு மேலாக அவர் இந்தக் கதையை எழுதினார். அவர் எங்கே தொடங்குகிறார் என்பதைக் கவனியுங்கள். ஆடித் திங்கள் பதினெட்டாம் பெருக்கன்று, வீரநாராயண ஏரிக்கரைமீது வந்தியத்தேவன் குதிரையில் வருகிறான். அதுவே இன்று நாம் வீராணம் என்று வழங்கும் ஏரி. கொலையாளிகளின் பெயர் பொறித்த கல் நிற்கும் ஊரும் அந்த ஏரியை அடுத்ததே. முதன்முறை படித்தபோது எனக்கு அலைகளும் புதுவெள்ளமும் மட்டுமே தெரிந்தன. கல்வெட்டைப் பற்றி அறிந்து மறுமுறை படித்தபோதோ, அந்த முதல் அத்தியாயமே என்னை நடுங்கச் செய்தது. எந்த மண்ணில் வழக்கின் தீர்ப்பு எழுதப்பட்டிருக்கிறதோ, அந்த மண்ணிலிருந்தே ஆசிரியர் குதிரையை அவிழ்த்துவிடுகிறார்! சான்றை அறிந்ததனால் என் இன்பம் குறையவில்லை, இரட்டித்தது. என் பழைய அச்சம் அங்கேயே பாதி நீங்கிவிட்டது.

இனிக் கதைக்குள் வருவோம். அந்த முதல் நாள் இரவிலேயே கடம்பூர் மாளிகையில் வந்தியத்தேவன் ஒரு சதிக் கூட்டத்தைக் காண்கின்றான். இளைய ராணி இருப்பதாக எல்லோரும் எண்ணிய மூடுபல்லக்கிலிருந்து மதுராந்தகத் தேவர் வெளிப்படுகிறார். அதே இரவில் தேவராளன் ஒருவன் வெறியாட்டு ஆடிப் பலி கேட்கிறான். நாம் அதை ஒரு வேடிக்கைக் கூத்து என்று எண்ணிக் கடந்து போகிறோம். அவன் யார் என்பதைப் பல நூறு பக்கங்களுக்குப் பின் அறியும்போதுதான், “ஆகா! அன்றே கண்ணெதிரில் ஆடிக் காட்டினானே!” என்று நம்மை நாமே நொந்துகொள்கிறோம். துப்பறியும் கதையின் இலக்கணம் இதுவே. தடயத்தை ஒளித்து வைப்பது எளிது. எல்லோரும் காணும்படி நடுவீட்டில் வைத்துவிட்டு, ஒருவர் கண்ணிலும் படாமல் செய்வதே அரிது.

ஆனால் இந்த நாவலின் மர்மம் கத்தியிலும் சுரங்கப் பாதையிலும் இல்லை. ஒரு குடும்பத்தின் மௌனத்தில் இருக்கிறது. கண்டராதித்தர் மறைந்தபோது அவர் மகன் மதுராந்தகன் சிறு குழந்தை. ஆகவே ஆட்சி அவர் தம்பி அரிஞ்சயருக்கும், பின்னர் அரிஞ்சயரின் மகன் சுந்தர சோழருக்கும் சென்றது. மூத்தவர் மகனுக்கா, இளையவர் வழிக்கா அரியணை? வரலாறு தரும் இந்த ஒரே முடிச்சின்மீது கல்கி மேலும் மூன்று முடிச்சுகளைப் போடுகிறார்.

நோயுற்றுத் தஞ்சைக் கோட்டையில் கிடக்கும் சுந்தர சோழர், இளமையில் ஈழத்தருகே ஒரு தீவில் தாம் சந்தித்த பேச இயலாத பெண்ணை நெஞ்சில் வைத்து மறுகுகிறார். தம்மால் அவள் இறந்தாள் என்பது அவர் எண்ணம். நள்ளிரவில் அவள் ஆவி வந்து நிற்பதாக நடுங்குகிறார். பல ஆண்டுகள் மறைத்து வைத்ததைப் பின்னர் மகள் குந்தவையிடம் மட்டும் கூறுகிறார். காஞ்சியில் இருக்கும் ஆதித்த கரிகாலனோ, வீரபாண்டியனைக் கொன்ற இரவில் தன்முன் கைகூப்பி நின்ற ஒரு பெண்ணை மறக்க முடியாமல் வேகிறான். அதை மாமல்லையில் நண்பன் பார்த்திபேந்திரனிடம் கொட்டுகிறான். சிவபக்தியே உருவான செம்பியன் மாதேவியாரும் தம் மகனைப் பற்றிய ஓர் உண்மையை நெடுங்காலம் நெஞ்சில் பூட்டி வைத்திருக்கிறார். அது இன்னது என்று நான் சொல்லப் போவதில்லை. இன்னும் படியாதவர்களின் இன்பத்தைக் கெடுக்க எனக்கு உரிமை இல்லை. 2022, 2023-ஆம் ஆண்டுகளில் வந்த திரைப்படங்களைக் கண்டவர்களுக்கும், அவர்கள் அறியாத இரகசியங்களை நூல் பத்திரமாகவே வைத்திருக்கிறது.

இம்மூவரும் பொல்லாதவர்களா? இல்லை. பிறர் மனம் புண்படலாகாது என்ற அன்பினாலும், சொல்ல முடியாத நாணத்தினாலும் அவரவர் வாய்மூடி இருக்கின்றனர். தம்முடைய சுமை தமக்கு மட்டுமே உரியது என்று ஒவ்வொருவரும் எண்ணுகின்றனர். ஆனால் ஒருவரிடம் பூட்டு இருக்கிறது. அதன் சாவி மற்றொருவரிடம் இருக்கிறது. தந்தை தஞ்சையில், மூத்த மகன் காஞ்சியில், இளைய மகன் ஈழத்தில், மகளும் பாட்டியாரும் பழையாறையில். இடையே ஓலைகள் ஓடுகின்றன. அவ்வோலைகளையும் பகைவர் மறிக்கின்றனர். அம்மூவரும் ஓர் இரவு ஓரிடத்தில் அமர்ந்து மனம் விட்டுப் பேசியிருந்தால், சதிகாரருக்கு அந்தக் குடும்பத்துக்குள் நுழைய வாசலே இருந்திராது. அவர்கள் பேசாது விட்ட இடைவெளியில்தான் நந்தினி நிற்கிறாள். அவளுடைய தந்தை யார் என்ற கேள்விக்கு ஒருவர் ஒரு விடையும் மற்றொருவர் வேறு விடையும் கூறுகின்றனர். தன்னைப் பற்றிய உண்மையை முழுதாக அறியாதவளாகவே அவளும் வளர்ந்திருக்கிறாள்.

இதிலே ஒரு வேதனையான அழகு உண்டு. எல்லோருடைய இரகசியமும் சென்று கூடும் இடம் அந்தப் பேச இயலாத பெண். உண்மையை அறிந்தவளுக்குப் பேச்சு இல்லை. பேச்சு உடையவர்களோ உண்மையைச் சொல்லவில்லை. ஐந்து பாகங்களின் சுமையும் இந்த ஒரு முரணின்மேல் நிற்கிறது.

சாதாரணத் துப்பறியும் நாவல் கடைசிப் பக்கத்தில் குற்றவாளியைக் காட்டிவிட்டு விடைபெறும். அதன்பின் நாம் அந்த நூலை மீண்டும் எடுப்பதில்லை. பொன்னியின் செல்வனில் கரிகாலன் கொலையுண்ட பின்னர், “நானே கொன்றேன்” என்று ஒருவருக்கு மேற்பட்டோர் முன்வருகின்றனர். ஒருவர் பழியைத் தாங்க எண்ணுகிறார். மற்றொருவர் அன்பு கொண்டவனைக் காக்க எண்ணுகிறார். குற்றமற்ற ஒருவன்மீது குற்றம் விழுகிறது. கொன்ற கை எது என்று ஐயத்துக்கு இடமின்றி ஆசிரியர் அடித்துச் சொல்லவில்லை. இதற்காக அவர்மீது வருத்தப்பட்ட வாசகர்கள் பலர். மாணவப் பருவத்தில் நானும் வருந்தினேன். இப்போது அதை அவருடைய நேர்மை என்று கருதுகின்றேன். கல் தெளிவாகச் சொல்லாத ஒன்றை, அவரும் தெளிவாகச் சொல்லாமல் விட்டார்.

அப்படியானால் இந்நூலில் எது மெய், எது புனைவு? வந்தியத்தேவன் வாழ்ந்தவன். தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டு, குந்தவையாரை வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவியார் என்று குறிக்கிறது. அவ்வளவுதான்! அந்த ஒரு சிறு குறிப்பிலிருந்து, நாம் தோளில் கை போட்டுப் பழகத்தக்க ஒரு நண்பனைக் கல்கி படைத்துவிட்டார். பழுவேட்டரையர் மரபினர் வாழ்ந்தவர்கள். அமைச்சர் அநிருத்தர் வாழ்ந்தவர். செம்பியன் மாதேவியார் எழுப்பிய கற்றளிகள் இன்றும் நிற்கின்றன. இரவிதாசன் முதலிய பெயர்கள் உடையார்குடிக் கல்லிலிருந்து எடுக்கப்பட்டவை. நந்தினி, பூங்குழலி, ஆழ்வார்க்கடியான், சேந்தன் அமுதன் முதலானோர் ஆசிரியரின் உள்ளத்தில் பிறந்தவர்கள்.

இந்த வேறுபாட்டை அறிவது மதிப்பெண்ணுக்காக மட்டும் அன்று. உடையார்குடிக்குச் சென்ற நாளில் இதை நான் உணர்ந்தேன். கோயிற் சுவரருகே நின்று, படிக்கத் தெரியாத அந்த எழுத்துகளின்மீது கண்ணோட்டினேன். நாவலில் இரவிதாசன் ஒரு மந்திரவாதி. நாம் வெறுக்கப் படைக்கப்பட்டவன். கல்லிலோ அவன் ஒரு பட்டம் பெற்ற மனிதன். அவனுக்கு உடன்பிறந்தார் உண்டு, மக்கள் உண்டு, பெண் கொடுத்தவரும் பெண் எடுத்தவரும் உண்டு. அத்தனை பேருடைய உடைமையும் பறிபோயிற்று. அவர்களுள் எத்தனை பேர் அந்தக் குற்றத்தை அறிந்தவர்கள்? எத்தனை வீடுகளில், குழந்தைகள் கேட்டபோது பெரியவர்கள் பேச்சை மாற்றியிருப்பார்கள்? சோழர் குடும்பத்துக்கு மட்டுமா இரகசியம் இருந்தது? அந்தக் குடும்பங்களுக்கும் ஒன்று இருந்திருக்கும். அதை எழுத ஒரு கல்கி பிறக்கவில்லை.

உத்தம சோழரையும் எண்ணிப் பாருங்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் மறைந்த ஒருவர், தம்மீது எழும் ஐயத்துக்கு எழுந்து வந்து விடை கூற இயலாது. கல்கி தம் கற்பனையின் உதவியால் அவரை எவ்வாறு காக்கிறார் என்பதை நூலின் இறுதியில் காண்பீர்கள். அந்த ஏற்பாடு மிகவும் நயமானது. ஆயினும் அது கற்பனையின் தீர்ப்பேயன்றிச் சான்றின் தீர்ப்பு ஆகாது. இறந்தவரைக் குற்றவாளி என்று கூறவும், குற்றமற்றவர் என்று கூறவும் நமக்குச் சான்று வேண்டும். என் தாளின் ஓரத்தில் ஆசிரியர் எழுதிய கேள்வி, என் விடைக்கு மட்டும் உரியதன்று. அது மறைந்தவர்களுக்கு நாம் செலுத்த வேண்டிய நியாயம்.

ஆகவே, மாணவ மாணவியரே, சரித்திர நாவலை அஞ்சாமல் படியுங்கள். முதல் முறை கதைக்காகவே படியுங்கள். ஒற்றனின் பின்னே ஓடுங்கள், சுரங்கத்தில் மூச்சு முட்டுங்கள், நந்தினிக்காக இரங்குங்கள். படித்து முடித்த பின் ஒரு வரலாற்று நூலை அருகில் வைத்துக்கொண்டு மீண்டும் ஒரு முறை படியுங்கள். எங்கே கல் பேசுகிறது, எங்கே கல்கி பேசுகிறார் என்று கோடிட்டுப் பாருங்கள். அந்த இரண்டாம் வாசிப்பில் நீங்களே துப்பறிவாளர் ஆகிவிடுவீர்கள். முதல் வாசிப்பில் கிடைத்த இன்பம் சிறிதும் குறையாது என்று நான் உறுதி கூறுவேன்.

அன்று நான் இழந்த மதிப்பெண்கள் திரும்பி வரவில்லை. அவற்றுக்கு ஈடாக ஆசிரியர் எனக்கு அளித்த கேள்வி இன்றுவரை என்னோடு வருகிறது. உங்கள் பரீட்சைத் தாளில் நந்தினியை எழுதாதீர்கள். உங்கள் நெஞ்சிலிருந்து அவளை அகற்றவும் வேண்டா என்று கூறி அமைகின்றேன்.